குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும், முதல்வர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் இந்த மாவட்டத்தில் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். இன்டர்ன்ஷிப்புக்கு (படிக்கும்போதே நிறுவனத்தில் செய்யும் பயிற்சி வேலைக்கு) வரும் மாணவர்களை நேர்காணல் செய்வது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அந்த மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவதை உங்களிடம் சொல்லவே இந்த மடல். நம் பிள்ளைகள் பாடத்தில் தோற்பது குறைவு. ஓடிபி வராமல் தோற்கிறார்கள். வாயைத் திறக்காமல் தோற்கிறார்கள். தங்கள் பெயரில் இருக்கும் ப்ராஜெக்டை விளக்க முடியாமல் தோற்கிறார்கள். இந்த மூன்றையும் கல்லூரி மனது வைத்தால் ஒரே செமஸ்டரில் சரிசெய்துவிடலாம்.

முதலில் காலக்கணக்கு. சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் பெரிய ப்ராடக்ட் நிறுவனங்கள் மே முதல் ஜூலை வரையிலான கோடை இன்டர்ன்ஷிப்புக்கு, அதற்கு முந்தைய ஆண்டின் ஜூலை முதல் அக்டோபருக்குள்ளேயே பெரும்பாலும் ஆள் எடுத்து முடித்துவிடும். மாணவர் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் போய் உட்காரும் நேரத்திலேயே நிறுவனங்கள் ஆன்லைனில் வைக்கும் நிரல் எழுதும் தேர்வு வந்து நிற்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கணினி அறிவியல் மாணவர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிப்பது மூன்றாம் செமஸ்டரில். அல்காரிதம்ஸ், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மூன்றும் நான்காவதில். நெட்வொர்க்ஸ் ஐந்தாவதில். (தன்னாட்சிக் கல்லூரிகளில் வரிசை கொஞ்சம் மாறலாம்.) ஆக, தேர்வுக்கு வேண்டிய அடிப்படை நான்காம் செமஸ்டர் முடிவில் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பிளேஸ்மென்ட் பயிற்சி என்று நாம் தொடங்குவது பல இடங்களில் ஆறாம் அல்லது ஏழாம் செமஸ்டரில், அதுவும் ஆப்டிட்யூட் கணக்கில். கோடை இன்டர்ன்ஷிப்பைப் பொறுத்தவரை பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு வருவது போலத்தான் இது. நான்காம் செமஸ்டர் ஜனவரியில் தொடங்குங்கள். வாரம் இரண்டு பீரியட் போதும். இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), ட்ரிபிள்இ (எலக்ட்ரிக்கல்) பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள்.

அடுத்து, கைபேசி. வளாகத்துக்குள் கைபேசி கூடாது என்ற விதி நம் மாவட்டத்தில் பல கல்லூரிகளில் உண்டு. வகுப்பு நேரத்துக்கு அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் தேர்வுத் தளத்தில் நுழைய ஓடிபி கைபேசிக்கு வரும், அல்லது மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சலைப் புதிய கணினியில் திறந்தால் கூகுள் மறுபடி கைபேசியில்தான் உறுதி கேட்கும். கைபேசி வாட்ச்மேன் அறையில் பூட்டிக் கிடக்கும்போது மாணவர் லேபில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நுழையவே இருபது நிமிடம் போய்விட்டால் 90 நிமிடத் தேர்வில் ஒரு முழுக் கேள்வி போய்விட்டது என்று பொருள். நிறுவனத்தின் எச்ஆர் (மனிதவளப் பிரிவு) அழைப்பதும் வேலை நேரத்தில்தான், காலை பதினொன்றுக்கோ மதியம் மூன்றுக்கோ. இரண்டு முறை எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பித்திருக்கும் மாணவர்களுக்கு அந்த வாரங்களில் மட்டும் அனுமதிச் சீட்டு கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் வேலைவாய்ப்பு அறையிலேயே அந்தக் கைபேசிகளை ஆன் செய்து வைத்து, அழைப்பு வந்தால் ஆளை அனுப்பிக் கூப்பிடுங்கள்.

தேர்வு இணைப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் காலாவதியாகிவிடும். அது ஸ்பாமிலோ ப்ரமோஷன்ஸ் பகுதியிலோ போய் விழுந்திருக்கும். விண்ணப்பித்த எல்லோரும் காலையும் மாலையும் அந்த இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும் என்று வகுப்புப் பிரதிநிதியை வைத்து நினைவூட்டினாலே பல இழப்புகள் நின்றுவிடும்.

லேபைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எளிதில் சரிசெய்யக்கூடிய காரியங்கள் அங்கேதான் அதிகம் கிடக்கின்றன. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர்2032 என்று எழுதிய 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பானால் பிரவுசர் எந்தப் பாதுகாப்பான தளத்தையும் திறக்காது, இணைப்பு தனிப்பட்டதல்ல என்று எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மாணவர் நெட் போய்விட்டது என்று நினைத்துக் கணினி மாற்றுவார், அடுத்ததிலும் அதே கதை. தேர்வுக்கு முந்தைய வாரம் லேப் அசிஸ்டென்ட் ஒவ்வொரு கணினியையும் மெயினிலேயே அணைத்துப் போட்டு, வலது மூலையில் தேதி சரியாக வருகிறதா என்று பார்க்கட்டும். தப்பாக வந்தால் பேட்டரியை மாற்றிவிட வேண்டியதுதான். செலவு சில பத்து ரூபாய்.

கேமராவும் மைக்கும் இல்லாத கணினியில் கண்காணிப்புத் தேர்வு (கேமரா வழியாக மாணவரைப் பார்த்துக்கொண்டே நடத்துவது) தொடங்கவே தொடங்காது. கேமரா ஓடும் தேர்வில் படம் இங்கிருந்து வெளியே போகிறது. ஆகவே கவனிக்க வேண்டியது அப்லோடு வேகத்தை. ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) என்று வைத்தாலும் 60 பேருக்கு 60 எம்பிபிஎஸ் வேண்டும். டவுன்லோடு நூறு வருகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு அப்லோடைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. 60 கணினியும் ஒரே இணைப்பின் பின்னால் இருந்தால் தேர்வுத் தளத்துக்கு எல்லாம் ஒரே ஐபி முகவரியாக (நெட்டில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியும், சில தளங்கள் அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளும். இத்தனை பேர் ஒரே வளாகத்திலிருந்து எழுதுகிறார்கள் என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ஃபயர்வாலில் (கல்லூரி நெட்டில் தளங்களைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பில்) அந்தத் தளத்தைத் திறந்துவிட்டிருக்கிறதா என்பதை முந்தைய நாளே ஒரு மாதிரித் தேர்வை ஓட்டிப் பாருங்கள். ஆன்ட்டிவைரஸ் அறிவிப்பு திடீரென்று மேலே எழும்பினால்கூடச் சில தளங்கள் மாணவர் வேறு திரைக்குப் போனதாகக் கணக்கெடுக்கும். அதை அன்றைக்கு அடக்கி வையுங்கள்.

மின்சாரம் நம் ஊரில் தனிப் பிரச்சினை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் இங்கே பெய்கின்றன. விளவங்கோடு, கல்குளம், திருவட்டார் பக்கம் ஒரு ரப்பர் கிளையோ தென்னை மட்டையோ கம்பியில் விழுந்தால் போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் முன்னாடியே வந்துவிடும், தேர்வு நாளை ஒப்புக்கொள்ளும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்வீர்கள். அது ஓடத் தொடங்க எடுத்துக்கொள்ளும் சில நொடிகளில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அணைந்து போகும், கண்காணிப்புத் தளம் மாணவரை வெளியே தள்ளிவிடும். சொந்த லேப்டாப் இருப்பவரை அதிலேயே எழுத விடுங்கள்.

வீட்டிலிருந்து நேர்காணலுக்கு உட்காரும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. தினம் 1.5 ஜிபி திட்டத்தில் ஒரு மணி நேர வீடியோ அழைப்பும் ஸ்கிரீன் ஷேரும் சேர்ந்தால் அன்றைய அளவில் பெரும்பகுதி போய்விடும். அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கிவிடும், அதில் குரல்கூட ஒழுங்காகப் போகாது. நேர்காணல் நாளில் காலையிலிருந்து டேட்டாவைத் தொடாமல் வைப்பதும், கூடுதல் டேட்டா பேக் ஒன்று முன்கூட்டியே போட்டுக்கொள்வதும் நல்லது. வைஃபை இருந்தால் ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று. மழை நாளில் கேபிள்காரரின் பக்கமே கரண்ட் போய்விட்டால் அதனாலும் பயனில்லை, ஆகவே ஹாட்ஸ்பாட் தயாராக இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் மாணவர் பதறக் கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் அதே இணைப்பில் திரும்ப வந்து, கேமராவை அணைத்துவிட்டுத் தொடரலாமா என்று கேட்டால் நாங்கள் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. பேசாமல் மறைந்து போவதுதான் கெடுக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தொழில்நுட்ப நேர்காணல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். முதல் ஐந்து நிமிடம் அறிமுகம், கடைசி ஐந்து நிமிடம் மாணவர் எங்களிடம் கேட்பதற்கு. நடுவில் ஒரு கணக்கு, சில சமயம் இரண்டு. நம் கல்லூரிகளின் மாதிரி நேர்காணல்கள் வைவா (வாய்மொழித் தேர்வு) போலவே நடக்கின்றன. ஸ்டாக் என்றால் என்ன, பாலிமார்ஃபிசம் என்றால் என்ன என்று வரையறை கேட்டு வரையறை வாங்குகிறார்கள். உண்மையான நேர்காணலில் அப்படிக் கேட்பது அபூர்வம். ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, மாணவர் அதை எப்படி உடைக்கிறார் என்பதைப் பார்க்கிறோம்.

ஓர் உதாரணம். ரப்பர் ஷீட்டின் விலை ஒவ்வொரு நாளுக்கும் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளில் வாங்கி, அதற்குப் பின் வரும் ஒரு நாளில் விற்கலாம். கிடைக்கக்கூடிய அதிகபட்ச லாபம் என்ன? விலைகள் கிலோவுக்கு 182, 176, 190, 171, 188 என்று வைத்துக்கொள்வோம்.

அவசரப்படும் மாணவர் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்து 19 என்பார். 190 வந்தது 171-க்கு முந்தைய நாள், நேற்றைய விலைக்கு இன்று விற்க முடியாது. சரியான விடை 17, அதாவது 171-க்கு வாங்கி 188-க்கு விற்பது. இந்தத் தப்பைச் செய்வது பெரிய குற்றம் இல்லை. கொடுத்த உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கிறாரா என்பதைத்தான் கவனிக்கிறோம்.

நல்ல மாணவர் முதல் இரண்டு மூன்று நிமிடம் கேள்வி கேட்பார். விலை இறங்கிக்கொண்டே போனால் விடை பூஜ்யமா, நஷ்டத்தைச் சொல்ல வேண்டுமா? ஒரே ஒரு நாள் விலை மட்டும் இருந்தால்? எத்தனை நாள் வரை வரலாம்? அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. பிறகு மெதுவான வழியை முதலில் சொல்வார்: ஒவ்வொரு நாளையும் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு நாளோடும் ஒப்பிடுவது. ஒரு லட்சம் நாள் என்றால் இது ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடு. ஒரு நொடிக்குச் சுமார் பத்துக் கோடி எளிய செயல் என்று மதிப்பிடுவது வழக்கம், ஆக ஐம்பது நொடி. தேர்வுத் தளம் ஓரிரு நொடிதான் தரும். மாணவர்கள் நிரல் சரிதானே, ஏன் பாதி டெஸ்ட் கேஸ் (தளம் நிரலுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உள்ளீடு) தேறவில்லை என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். சின்ன உள்ளீடுகளில் தேறி, பெரியதில் நேரம் தாண்டிவிடுகிறது.

அடுத்த படி, இதுவரை பார்த்ததில் மிகக் குறைந்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டம். 182-ல் குறைந்தபட்சம் 182, லாபம் 0. 176-ல் குறைந்தபட்சம் 176. 190-ல் லாபம் 14. 171-ல் குறைந்தபட்சம் 171. 188-ல் லாபம் 17. ஒரு லட்சம் நாளுக்கு ஒரு லட்சம் படி, அவ்வளவுதான். நிரல் பத்து வரிக்குள் முடிந்துவிடும். எழுதி முடித்ததும் இந்த ஐந்து எண்களை விரல் வைத்து வரி வரியாக ஓட்டிக் காட்டினால், வரியின் முடிவில் செமிகோலன் போட மறந்திருந்தாலும் நாங்கள் பொருட்படுத்த மாட்டோம்.

நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த விடை தெரியும். ஆனால் கேள்வியைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு பதினைந்து நிமிடம் மௌனமாக எழுதுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு எழுதிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை, எங்கே சிக்கினார் என்று தெரியாததால் குறிப்பு கொடுக்கவும் முடிவதில்லை. குறிப்பை வாங்கிக்கொண்டு முன்னேறுவது குறை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் வேலைக்குச் சேர்ந்தபின் நாள் முழுதும் செய்யப்போவது அதுதான். வகுப்பில் ஆசிரியர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று பழக்கிய பிள்ளையிடம், திடீரென்று ஒரு நாள் மேலதிகாரி போன்ற ஒருவர் முன்னால் யோசிப்பதை எல்லாம் சத்தமாகச் சொல் என்றால் எப்படி வரும்? அதைப் பழக்கத்தான் வேண்டும்.

வழி எளியது. இரண்டு மாணவர்களை எதிரெதிரே உட்கார வைத்து ஒருவருக்குக் கணக்கு, மற்றவருக்கு விடையும் மூன்று குறிப்புகளும் கொடுங்கள். 35 நிமிடம். கேட்பவர் ஒரு தாளில் நான்கு விஷயம் மட்டும் எழுத வேண்டும்: என்ன கேள்வி கேட்டார், மெதுவான வழியைச் சொன்னாரா, நிரல் ஓடுமா, தானே சோதித்தாரா. அடுத்த வாரம் இடம் மாற்றுங்கள். முதல் நான்கு வாரம் தமிழிலேயே பேசட்டும். யோசனை வாயிலிருந்து வரப் பழகிய பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவது அத்தனை கடினம் இல்லை. நேர்காணலில் தேவைப்படும் ஆங்கிலமும் குறைவுதான். நான் கேள்வியைப் புரிந்துகொண்டது இப்படி, சரியா? இது மெதுவான வழி, இதிலிருந்து தொடங்கட்டுமா? இங்கே சிக்கியிருக்கிறேன், எனக்கு இரண்டு வழி தோன்றுகிறது. இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு வாக்கியம் நாக்கில் இருந்தால் போதும். இலக்கணப் பிழைக்காக யாரையும் நாங்கள் நிராகரித்ததில்லை. குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வரும் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் இதை உரக்கச் சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள்.

ப்ராஜெக்ட் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. ஒரே கல்லூரியிலிருந்து வரும் ரெஸ்யூமேக்களில் முகம் பார்த்து வருகைப்பதிவு, வீட்டு விலைக் கணிப்பு, இலை நோய் கண்டறிதல் என்ற மூன்றும் மாறிமாறி வருகின்றன. விலைக்கு வாங்கியது எது என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இலை நோயை 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று எழுதியிருப்பார். ஆயிரம் படத்தில் 950 நல்ல இலை என்றால், எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லிவிட்டாலே 95 சதவீதம் வந்துவிடும் தம்பி, நோயுள்ள 50-ல் எத்தனையைப் பிடித்தது என்று கேட்டால் அமைதி. அந்த அமைதிக்குப் பிறகு அந்த ரெஸ்யூமேயில் உண்மையாகச் செய்ததையும் நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறோம், அதுதான் வருத்தம்.

சின்னதாக, சொந்தமாக ஒன்று போதும். ரப்பர் வாரியம் ஆர்எஸ்எஸ்-4 என்ற தர ரப்பர் ஷீட்டின் விலையை வெளியிடுகிறது. அதைத் தினமும் எடுத்து ஒரு டேட்டாபேஸில் சேர்க்கும் நிரல் ஒன்றை மாணவர் எழுதட்டும். ஞாயிறும் விடுமுறையும் விலை வராது. அந்த இடைவெளியை வெறுமையாக விடுவதா, முந்தைய விலையால் நிரப்புவதா? ஒரே நாளை இரண்டு முறை சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? தேதி நெடுவரிசைக்கு யுனிக் கட்டுப்பாடு போட்டாயா? தளத்தின் வடிவம் மாறினால் நிரல் எங்கே உடையும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மாணவரிடம் அரை மணி நேரம் பேச எங்களுக்கு விஷயம் இருக்கிறது. வடசேரியிலிருந்து கிளம்பும் பஸ் நேரங்களை வைத்தோ, தோவாளைப் பூச்சந்தை விலையை வைத்தோ இதே மாதிரி செய்யலாம். ரெஸ்யூமே ஒரு பக்கம் இருந்தால் போதும். மினி ப்ராஜெக்டுக்கு மதிப்பெண் போடும்போது, நிரலில் ஒரு வரியைக் காட்டி இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்கத் தொடங்கினால், வாங்கிய ப்ராஜெக்ட் தானாக நின்றுவிடும்.

தேர்வு நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் விடை பகிர்வதும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒட்டுவதும் நடக்கிறது. தளங்கள் நிரல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகின்றன, மாறியின் பெயரை மாற்றினாலும் அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். இருபது பேரின் நிரல் ஒன்றாக இருந்தால் அந்த இருபது பேரோடு சேர்த்து நேர்மையாக எழுதியவரும் சந்தேக வட்டத்தில் விழுவார், அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரிக்கு வர நிறுவனம் தயங்கும். இதை எச்சரிக்கையாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைவிட, நேரில் உட்கார்ந்து விளக்கினால் பிள்ளைகள் கேட்பார்கள்.

பெண்கள் விடுதி பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை செய்யும் நிறுவனங்களின் நேர்காணல் மாலை ஏழுக்கும் எட்டுக்கும்கூட வைக்கப்படும். அந்த நேரத்தில் கைபேசி வார்டனிடம், வைஃபை அணைக்கப்பட்டிருக்கும், பேச அமைதியான இடமும் இருக்காது. அதே நேரத்தில் ஆண்கள் விடுதி மாணவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறார். விடுதியில் ஓர் அறை, ஒரு மேசை, கதவில் ஒரு தாழ்ப்பாள், இரவு ஒன்பது வரை நெட். வார்டனிடம் இருக்கும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பெண்பிள்ளை ஒவ்வொரு முறையும் போய் விளக்கம் சொல்லும்படி வைக்காதீர்கள்.

தேர்வான பிறகும் சிக்கல் உண்டு. ஆட்சேபனையின்மைச் சான்று கேட்டு நிறுவனம் மூன்று நாள் கெடு கொடுக்கும். நம் ஊரில் துறைத்தலைவர், முதல்வர், அலுவலகம் என்று கடிதம் சுற்றி வர ஒரு வாரம். மாதிரிக் கடிதத்தை முன்பே அச்சிட்டு வைத்து, இரண்டு வேலைநாளில் கையெழுத்தாகும் என்று எழுத்தில் அறிவியுங்கள். நேர்காணல் நாளுக்கு ஆன் டியூட்டி (வகுப்புக்கு வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கொடுங்கள். 75 சதவீத வருகைப்பதிவு குறையும் என்ற பயத்தில் அழைப்பையே மறுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோரும் சென்னையையும் பெங்களூரையும் பார்க்கும்போது, பக்கத்தில் இருப்பதை மறந்துவிடுகிறோம். திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா, நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருக்கிறது. குழித்துறைக்காரருக்கு இன்னும் அருகில். வாடகை, விடுதி முன்பணம் எதுவும் இல்லாமல் சீசன் டிக்கெட்டில் வீட்டிலிருந்தே போய் வரலாம். உதவித்தொகை குறைவாக இருந்தாலும் கட்டுப்படியாகும். எல்லைப்பகுதிப் பிள்ளைகளுக்கு மலையாளமும் கைவசம் இருக்கிறது. அங்கே உள்ள சிறு நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வராது, நீங்கள்தான் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

பணம் கேட்கும் எந்த இன்டர்ன்ஷிப்பையும் கல்லூரிக் குழுவில் பகிராதீர்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கான முன்பணம் என்று பெயர் எதுவானாலும், நேர்மையான நிறுவனம் மாணவரிடம் பணம் வாங்காது. வீட்டிலிருந்தபடி ஒரு மாதத்தில் சான்றிதழ் தரும் அமைப்புகளின் தாளுக்கு நேர்காணலில் எந்த மதிப்பும் இல்லை. ஏமாந்து பணம் போட்டுவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் கைமாறிப் போகும் முன் வங்கிக் கணக்கை முடக்க, முதல் சில மணி நேரமே உதவும்.

எங்கள் பங்குக்கு, சனிக்கிழமைகளில் வீடியோ வழியாக மாதிரி நேர்காணல் எடுக்கத் தயாராக இருக்கிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். நான்காம் செமஸ்டர் மாணவர்களாக அனுப்புங்கள், மதிப்பெண் பார்த்து வடிகட்டாமல் விரும்பி வருபவர்களை அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம் நேர்காணல், அது முடிந்ததும் எங்கே தடுமாறினார் என்று 15 நிமிடம் தமிழில் விளக்கம். அந்த விளக்கத்தை எழுதிய குறிப்பின் ஒரு பிரதி துறை ஆசிரியருக்கும் வரும். உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது கேமரா வேலை செய்யும் ஒரு கணினி, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, முந்தைய நாள் மாலைக்குள் பெயர்ப்பட்டியல்.

அன்புடனும் மரியாதையுடனும்,
குமரி மாவட்டத்தில் படித்து, மென்பொருள் துறையில் நேர்காணல் எடுக்கும் பொறியாளர்கள்